181 முதல் நீதிமன்றம் வரை: குடும்ப வன்முறைக்கு அரசு தரும் சேவை எப்படி இருக்கிறது?

முதலிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு நகரலாம். எழுதி வைத்திருக்கும் சட்டத்துக்கு ஐந்துக்கு நாலு, 181 உதவி எண்ணுக்கும் நாலு, சகி மையத்துக்கு நாலரை, பாதுகாப்பு அலுவலருக்கு மூன்றரை, நீதிமன்றத்துக்கு மூன்று, மகளிர் காவல் நிலையத்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று அங்கே ரைட்டராக, அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவராக, இருந்த ஒரு அம்மாவுக்காக மட்டும்.

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்கள் மட்டும் எதுவும் எழுதுவதில்லை. காரணம் தெரிந்ததுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29தான். அதே கணக்கெடுப்பில், நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதே இல்லை, பெற்ற அம்மாவிடம்கூட. அப்புறம் எங்கே விமர்சனம் எழுதுவது?

என் சித்தி மகளோடு கூடவே அலைந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான். ஊர், ஸ்டேஷன், கோர்ட் எதையும் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

181இல் ஆரம்பிக்கிறேன். தமிழ்நாட்டில் இது 2018இல் வந்தது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அழைத்தோம். எடுத்த பெண் முதலில் கேட்டது "இப்ப பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா, குழந்தை உங்ககூட இருக்கா?" என்பதைத்தான். என்ன பிரச்சினை, ஏன் சண்டை, மாப்பிள்ளை குடிப்பாரா என்பதெல்லாம் அப்புறம்தான். இந்த வரிசை சரியாக இருந்தாலே பாதி பயம் குறைகிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 181இல் பேசுபவர்கள் வழி சொல்வார்கள், இணைத்துவிடுவார்கள், வீட்டு வாசலுக்கு வந்து நிற்பவர்கள் அவர்கள் இல்லை. அடி விழுந்துகொண்டிருக்கும்போது அழைக்க வேண்டியது 112. இந்த இரண்டுக்கும் நடுவில் 1091 வேறு இருக்கிறது, பெண்களுக்கான போலீஸ் எண். இத்தனை எண்ணை யார் நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் குறைத்தேன்.

அடுத்தது சகி மையம், ஒன் ஸ்டாப் சென்டர் என்றால் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரிவதில்லை, கலெக்டர் ஆபீஸ் பக்கம் அல்லது அரசு மருத்துவமனை பக்கம் என்று விசாரித்துப் போக வேண்டும். 2015இல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டம். டாக்டர், போலீஸ், வக்கீல், மனநல ஆலோசகர் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், போக இடம் இல்லாவிட்டால் 5 நாள் வரை அங்கேயே தங்கலாம் என்பதுதான் ஏற்பாடு. கட்டிடம் சுமார்தான். ஆனால் அங்கிருந்த கேஸ் வொர்க்கர் செய்த ஒரு காரியத்துக்கே நாலரை கொடுக்கலாம். இவளை ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போனபோது வழியிலேயே சொல்லிவிட்டார்: "டாக்டர்கிட்ட படியில விழுந்துட்டேன்னு சொல்லாதம்மா. யார் அடிச்சாங்க, எதால அடிச்சாங்க, எங்க வெச்சு அடிச்சாங்கன்னு சொல்லு. அவங்க ஏ.ஆர்.ல எழுதுறதுதான் நாளைக்கு உனக்குப் பேசும்." ஏ.ஆர். என்பது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், காயத்தோடு வருபவர்களைப் பற்றி மருத்துவமனையில் எழுதும் பதிவு. வெட்கப்பட்டு "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அங்கே அதுதான் ஏறும், பிறகு எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குவார். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை.

இந்த அலைச்சல் முழுக்க நான் பார்த்த ஒரே விஷயம் இதுதான்: யார் எவ்வளவு அன்பாகப் பேசினார்கள் என்பதற்கு மறுநாள் மதிப்பே இல்லை, கையில் என்ன காகிதம் வந்தது என்பதற்குத்தான் மதிப்பு. நான் கொடுத்த மதிப்பெண் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இனி மகளிர் காவல் நிலையம். தமிழ்நாடு இதில் முன்னோடி என்று பெருமைப்படுவோம், தவறில்லை. 1992இல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் வந்தது, இன்று மாநிலத்தில் 200க்கும் மேல் இருக்கின்றன. ஒரு பெண் தன் உடம்பில் பட்ட காயத்தை இன்னொரு பெண்ணிடம் காட்டிப் பேசலாம் என்பது சின்ன விஷயமே இல்லை. ஆனால் நாங்கள் போன நிலையத்தில் நடந்தது வேறு.

மனுவை வாங்கிப் படித்துவிட்டு எஸ்.ஐ. மேடம் முதலில் கேட்டது, "குழந்தை இருக்குல்ல, யோசிச்சீங்களா?" என்பது. பிறகு மாப்பிள்ளைக்கு போன் போட்டார்கள், அவர் தன் அம்மாவோடு வந்தார், எல்லோரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்துப் பஞ்சாயத்து. அவர் ஒவ்வொரு காரணமாகச் சொல்கிறார், எதிர்த்துப் பேசினாள், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அம்மாவை மதிப்பதில்லை என்று. மேடம் ஒவ்வொன்றுக்கும் இவள் பக்கம் திரும்பி "ஏம்மா, அப்படியா?" என்கிறார். அடித்தவரை யாரும் "அடிச்சியா?" என்று கேட்கவில்லை. கடைசியில் "இனிமேல் ஒழுங்காக நடந்துகொள்கிறேன்" என்று அவரிடம் எழுதி வாங்கிவிட்டு, இவளிடமும் "புகார் மேல் மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதித் தரச் சொன்னார்கள். இவள் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் ஒரு பந்தோபஸ்துக்கு அழைப்பு வர பாதி ஸ்டேஷன் கிளம்பிவிட்டது. ஆள் பற்றாக்குறை உண்மை, போக்சோ வழக்கு முதல் கோயில் திருவிழா வரை இதே பத்துப் பேர் தலையில்தான் விழுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை அடிபட்டவள் கொடுக்க முடியாது.

அந்த ரைட்டர் அம்மாதான் நாங்கள் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார், "சி.எஸ்.ஆர். வாங்காம போகாதீங்க." மனு கொடுத்ததற்கு எண்ணோடு தரும் ரசீது அது. எஃப்.ஐ.ஆர். இல்லைதான், ஆனால் இந்தத் தேதியில் இந்தப் பெண் இந்தப் புகாரோடு வந்தாள் என்பதற்கு அரசு கொடுக்கும் முதல் சான்று. கேட்டவர்களுக்குத் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு "கூப்பிட்டு விசாரிக்கிறோம் போங்க"தான்.

எஃப்.ஐ.ஆர். பற்றியும் சொல்ல வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள். அதே தீர்ப்பில், குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் ஒரு சுருக்கமான விசாரணை நடத்தலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். நாங்கள் போன இடத்தில் அந்த விதிவிலக்குதான் விதியாக இருக்கிறது. பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் நகரவில்லை என்றால் நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். வேறு எல்லையில் நடந்தது என்று துரத்தினால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்லுங்கள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது 6 மாதம் சிறை என்றுகூடச் சட்டம் இருக்கிறது. ஆனால் கணவன் வீட்டுக் கொடுமைப் புகார் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் அந்த மேஜை உரையாடல் வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

எல்லோரும் வாயில் வைத்திருக்கும் 498ஏ, அதாவது கணவன் வீட்டுக் கொடுமைக்கான பழைய பிரிவு, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு, கொடுமை என்றால் என்ன என்பது 86இல். எண்தான் மாறியது, சரக்கு 1983இல் வந்த அதேதான்: 3 ஆண்டு வரை சிறை, அபராதம், ஜாமீனில் வர முடியாத பிரிவு. கல்யாணமாகி 7 வருடத்துக்குள் பெண் இறந்து, வரதட்சணைக் கொடுமை இருந்தது என்று தெரிந்தால் அது 80ஆவது பிரிவு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். செத்த பிறகு சட்டத்துக்கு வரும் வேகத்தைப் பாருங்கள்.

85ஐப் பற்றி இரண்டு பக்கத்திலும் ஒரே தவறான நம்பிக்கை இருக்கிறது, புகார் கொடுத்த அன்றே மாப்பிள்ளை உள்ளே போய்விடுவார் என்று. ஆண்கள் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தானாகக் கைது செய்யக்கூடாது, அவசியம் என்ன என்று போலீஸ் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டு விசாரிப்பதுதான். கைதுக்குக் காரணம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் புகார் கொடுத்த அன்று இரவு என்ன ஆகிறது? நோட்டீஸ் வாங்கிய ஆளும் புகார் கொடுத்த பெண்ணும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில். தண்டனைச் சட்டம் நடந்து முடிந்த அடிக்குத்தான் கணக்குக் கேட்கிறது, அடுத்த அடி விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அதனிடம் இல்லை.

அந்த வேலையைச் செய்வது வேறொரு சட்டம், ஸ்டேஷனில் ஒருவர்கூட அதன் பெயரை உச்சரிக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனைக்கும் இந்தச் சட்டத்தில் என்னென்ன கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார், இலவச வக்கீல் உண்டு என்பதையெல்லாம் புகாரோடு வரும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் 181இல் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அடி மட்டும் வன்முறை என்று இது சொல்வதில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை அடகு வைத்துவிட்டு மீட்காமல் இருப்பது, செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது, ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக் காட்டுவது, எல்லாமே வன்முறைக்குள் வருகிறது. கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், மகன் கொடுமைப்படுத்தும் அம்மா, அண்ணன் துரத்திவிட்ட தங்கை என எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. என்ன கேட்கலாம் என்றால்: பக்கத்தில் வரக்கூடாது, போனில் தொந்தரவு செய்யக்கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டு அவளை வெளியேற்றக்கூடாது என்றோ, தேவைப்பட்டால் அவனையே வெளியே போகச் சொல்லியோ குடியிருப்பு உத்தரவு. பணம், குழந்தை, சீதன நகை, நஷ்டஈடு. அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே, இவள் சத்தியப் பிரமாணத்தை மட்டும் வைத்து இடைக்கால உத்தரவு போட மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. வழக்கு சிவில் தன்மை கொண்டது, ஆனால் பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது குற்றம்: 1 ஆண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம், ஜாமீன் உரிமை கிடையாது. அந்த மீறலுக்கு அவள் ஒருத்தியின் சாட்சியமே போதும் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் நடப்பதற்கு வேறு யார் சாட்சி சொல்ல வருவார்? இந்த ஒரு வரியை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையில் இருப்பவர். வேலைப் பளு முகத்திலேயே தெரிந்தது, மேஜையில் கோப்பு அடுக்கு. ஆனாலும் நடந்ததை ஆரம்பத்திலிருந்து கேட்டு, குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தை வரி வரியாக நிரப்பினார். எந்தத் தேதி, எந்த மாதிரி வன்முறை, யார் யார் செய்தார்கள், என்ன கேட்கிறீர்கள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. தேதி நினைவில்லாத இடத்தில் "தீபாவளிக்கு முந்தின வாரமா, பிந்தின வாரமா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார், அது எனக்குப் பிடித்தது. ஏ.ஆர். நகலும் சி.எஸ்.ஆரும் கையில் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. மூன்றரைதான் கொடுத்தேன், ஏனென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் 2 நாளில் போய்ச் சேர அவர்தான் பொறுப்பு. அது இழுத்தது. "வீடு பூட்டியிருந்தது" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வக்கீலுக்கு நாங்கள் ஒரு பைசா செலவு செய்யவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது, மாதம் லட்ச ரூபாய் சம்பாதித்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம், 15100க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். "ஃப்ரீ வக்கீல் எப்படி இருப்பாரோ" என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். வந்தவர் இளம் பெண், சட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தார். மாப்பிள்ளை ஸ்டேஷனில் "வீடு எங்க அம்மா பேர்ல இருக்கு, இவளுக்கு அங்க என்ன உரிமை?" என்று கேட்டபோது எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம், அதற்கு இவர்தான் பதில் சொன்னார். 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே இருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறது. வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும், நிபந்தனையற்ற உரிமை இல்லை. ஆனால் "வெளியே போடி" என்று ஒரே வார்த்தையில் துரத்த முடியாது.

வழக்கை அம்மா வீடு இருக்கும் ஊரிலேயே போட்டோம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தில்கூடப் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. மனு போட்டால் 3 நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நீதிமன்ற வராந்தாவில் இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தால், மதியம் பெயர் கூப்பிடுவார்கள், அடுத்த தேதி சொல்வார்கள், வீட்டுக்கு வரலாம். உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் இல்லை. ஆனால் இடைக்கால உத்தரவு வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் வரக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது, மாதாமாதம் இவ்வளவு கொடு. உத்தரவின் நகல் இலவசம், சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் ஒன்று போக வேண்டும்.

போனதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரையோடு ஒப்புதல் வாங்கினோம். அதன் பலனை ஒரு நாள் சாயங்காலம் பார்த்தோம். அவர் வாசலில் வந்து கத்த ஆரம்பித்தார், 112க்கு அழைத்து "கோர்ட் ஆர்டர் இருக்கு" என்று சொன்னதும் வண்டி வந்தது, வந்தவர் "குடும்ப விஷயம்" என்று சொல்லவே இல்லை. அதே ஆள், அதே கத்தல், முன்பு இதே காரியத்துக்குத்தான் எங்களைச் சமாதானமாகப் போகச் சொன்னார்கள்.

கவுன்சலிங் பற்றி ஒரு குறிப்பு. நீதிமன்றமே ஆலோசனைக்கு அனுப்பலாம், அதற்கு 2006இல் விதிகள் போட்டிருக்கிறார்கள். அந்த விதிப்படி, ஏன் அடித்தேன் என்று நியாயம் கற்பிக்க அவனுக்கு அனுமதி கிடையாது, இதை ஆரம்பத்திலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஸ்டேஷன் மேஜையில் அரை மணி நேரம் நடந்தது அதற்கு நேர்மாறு.

சட்டத்துக்கு ஐந்து கொடுக்காமல் நாலு கொடுத்தது ஏன் என்றால், புதிய சட்டம் எழுதும் வாய்ப்பு 2023இல் கிடைத்தபோதும் மனைவி மீதான பலாத்காரம் குற்றமில்லை என்ற விலக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள், மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2022இல் இதில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அடியை எழுத ஏ.ஆரில் இடம் இருக்கிறது, இதை எழுதினாலும் பலாத்காரம் என்ற பிரிவு கணவன் மேல் பாயாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தல் என்ற தலைப்பு இருப்பதால் அங்கே சொல்லி நிவாரணம் கேட்கலாம், அதோடு சரி.

இப்போதைய நிலவரம்: முதன்மை மனு இன்னும் நடக்கிறது, குறுக்கு விசாரணை பாக்கி. ஆள் பக்கத்தில் வருவதில்லை. பணம் முதலில் ஒழுங்காக வந்தது, இப்போது நின்றுவிட்டது, அதை வசூலிக்கத் தனி மனு போட்டிருக்கிறார் வக்கீல். அது எப்படிப் போகிறது என்று தெரிந்ததும் நீதிமன்றத்துக்கான மூன்றை ஏற்றவோ இறக்கவோ செய்கிறேன்.